ஈரம் ஏறிய சுவர்: படுவான்கரையில் ஓர் ஐஸ் பெட்டி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரைக் கிராமம் ஒன்றில் வாவி மீனும் இறாலும் வாங்கி விற்கும் ஒரு பெண்ணின் ஐஸ் பெட்டியைப் பற்றிய பதிவு இது. ஊரில் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன். கணவர் தோணியில் போகிறவர். விடியப்புறம் துறைக்கு வரும் மீனை அக்கா வாங்கி, ஒரு பங்கை ஊருக்குள் விற்பார். மிச்சத்தை ஐஸில் போட்டு, ஒரு லோடு சேர்ந்ததும் எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை, வியாபாரிக்கு அனுப்புவார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை மீனும் ஐஸும் துறையில் பாதைக்கு (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு) காத்துக் கிடந்துதான் வாவியைக் கடந்தன. பாலம் வந்தபின் டவுனிலிருந்து ஐஸ் ஏற்றி வருவது ஆட்டோக்காரருக்கு ஒரு சின்ன ஓட்டமாகிவிட்டது. அதனால் ஐஸை நாள்கணக்கில் காப்பாற்றி வைக்கும் தேவையே அக்காவுக்கு இருக்கவில்லை. பழைய ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டி ஒன்று போதுமாக இருந்தது.

2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடி அதை மாற்றியது. மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஆடி மாதத்தில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோ ஒன்றுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல்தான். நாளாந்தம் வந்த ஐஸ் கிழமைக்கு இரண்டு தடவை என்றானது. அதே நேரத்தில் ரெஜிபோம் பெட்டியின் ஒரு மூலை உடைந்தது. புதுப் பெட்டியின் விலை கேட்டுவிட்டு அக்கா வெறுங்கையோடு திரும்பினார்.

ஐஸ் இல்லாத மீன் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். 0 பாகை செல்சியஸில் மீன் கெடும் வேகத்தை 1 என்று எடுத்தால் 5 பாகையில் அது இரண்டே கால் மடங்கு, 10 பாகையில் நான்கு மடங்கு. எழுவான்கரை வியாபாரிக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, மணந்து, பாதி விலை சொல்லிவிடுவார். மீன்பிடிச் சிறுதொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் வேலையில் நான் இருந்ததால் இந்த விடயம் என்னிடம் வந்தது. வரும்போது முதல் பெட்டி ஏற்கெனவே செய்து, பழுதாகியும் இருந்தது.

முதல் பெட்டி

ஆவணியில் ஊர் ஓடாவியார் (தச்சர்) செய்து கொடுத்தது. உள்ளளவு நீளம் 1 மீற்றர், அகலமும் உயரமும் 60 சென்ரிமீற்றர். உள்ளே ஒரு பலகைச் சுவர், வெளியே ஒரு பலகைச் சுவர், நடுவில் 10 சென்ரிமீற்றர் இடைவெளி. அந்த இடைவெளியில் மரக்காலையில் அள்ளிய மரத்தூளும், பாதிக்குப் பாதி தும்புத்தூளும் (தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்). உள்பலகையின் மேல் பொலித்தீன் விரித்து ஆணி அடித்திருந்தார்கள். மூடியின் பலகைகளுக்கிடையே பழைய மெத்தையிலிருந்து எடுத்த இலவம் பஞ்சு.

இந்தத் தெரிவுகளுக்கு நியாயம் இருந்தது. ஐஸ் கம்பனியில் ஐஸ் பாருக்கு மரத்தூள் கொட்டுவதை அக்கா சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார். இதற்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. 1833இல் பொஸ்ரனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கப்பலில் 180 தொன் ஐஸ் மரத்தூள் போன்ற பொருள்களால் பொதிந்து அனுப்பப்பட்டது. நான்கு மாதம் கடலில் கிடந்தும், பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்தும், ஏறக்குறைய 100 தொன் கரைசேர்ந்தது. அந்த வியாபாரத்துக்காக 1842இல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் ஐஸ் ஹவுஸ். ஆகவே மரத்தூளை நம்பியதில் பிழையில்லை.

உள்ளே பொலித்தீன் போட்டதும் யோசித்துச் செய்ததுதான். உருகிய தண்ணீர் தூளுக்குள் போகக்கூடாது என்று ஓடாவியார் நினைத்தார். தண்ணீர் வேறு வழியாலும் வரும் என்பது அப்போது யாருடைய கண்ணிலும் படவில்லை.

ஆவணி, புரட்டாதியில் பெட்டி நன்றாகவே வேலை செய்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். கச்சான் சூடுதான், ஆனால் காய்ந்த காற்று. ஐப்பசிக்குப் பிறகு மழை தொடங்கியதும் அடுத்த லோடு வருவதற்கு முன்னமே ஐஸ் முடியத் தொடங்கியது. வெயில் குறைந்த காலத்தில் ஐஸ் கூடுதலாக உருகியதுதான் அக்காவைக் குழப்பியது. ஐஸ் கம்பனிக்காரர் நிறை குறைத்துத் தருகிறார் என்றுகூட வீட்டில் பேச்சு வந்திருக்கிறது.

கண்டவை

கார்த்திகையில் ஒரு விடியற்காலை நான் போனபோது அக்கா முதலில் என் கையைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். “தொட்டுப் பாருங்க தம்பி, பொட்டி வேர்க்குது.”

வெளிப்பலகை குளிர்ந்திருந்தது. கீழ்ப்பாதி முழுவதும் துளி துளியாக நீர் கோத்து நின்றது. மேல்பாதியில் மூடிக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு மட்டும் உலர்ந்த பலகை. அடிப்பலகை கறுத்து, புளித்த மணம் வந்தது. வெளியே குளிர்ச்சி தெரிகிறதென்றால் வெப்பம் அந்த வழியால் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நல்ல பெட்டியின் வெளிப்பக்கம் அறையின் சூட்டிலேயே இருக்கும்.

ஒரு பக்கத்துப் பலகையைக் கழற்றினோம். மேலே கையளவு வெற்றிடம். தூள் அமிழ்ந்து இறங்கியிருந்தது. அதற்குக் கீழே தூள் இன்னும் காய்ந்துதான் கிடந்தது, விரலிடுக்கில் வழிந்து விழுந்தது. முழங்கை ஆழத்துக்குப் போனதும் கட்டி. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் மண்ணிறத் தண்ணீர் மணிக்கட்டால் ஒழுகியது. உள்பலகை மேல் அடித்த பொலித்தீனிலோ பெரிய கிழிசல் எதுவும் இல்லை. ஆணித் துளைகளால் கொஞ்சம் கசிந்திருக்கலாம், ஆனால் இவ்வளவு தண்ணீர் அந்தத் துளைகளால் வர வாய்ப்பில்லை. மூடியைப் பிரித்துப் பார்த்தோம். பஞ்சு அப்படியே காய்ந்து, மென்மையாக இருந்தது.

தண்ணீர் வந்த வழி

வெப்பத்தைத் தடுப்பது மரத்தூளோ உமியோ என்று நாம் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் தடுப்பது அவற்றுக்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுத்தான். வெப்பம் எவ்வளவு இலகுவாகக் கடக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் வெப்பக் கடத்தாறு; அது குறையக் குறையத் தடுப்பு நல்லது. அசையாத காற்றுக்கு அது ஏறக்குறைய 0.026 (ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு வாட்). காய்ந்த உமிக்கு 0.04 முதல் 0.06 வரை, மரத்தூளுக்கு 0.06 முதல் 0.08 வரை, ரெஜிபோமுக்கு 0.035 அளவு. எல்லாம் ஒரே கூட்டம். தண்ணீருக்கு 0.6, அதாவது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல். காற்றிருந்த இடத்தில் தண்ணீர் போய்க் குந்திவிட்டால் அந்தத் தூள் தடுப்பாக இருக்காது, வெப்பம் போகும் பாதையாகிவிடும்.

அக்காவின் பெட்டிக்கே இதைக் கணக்குப் போட்டோம். உட்பரப்பு ஏறக்குறைய 3.1 சதுர மீற்றர், சுவர் 10 சென்ரிமீற்றர், வெளியே 32 பாகை, உள்ளே 0 பாகை. நிரப்பியின் கடத்தாறு 0.05 என்றால் 50 வாட் வெப்பம் உள்ளே போகும். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோ யூல் தேவை. அப்படிப் பார்த்தால் நாளொன்றுக்கு 13 கிலோ ஐஸ் போகும். நிரப்பி நனைந்து கடத்தாறு 0.3 ஆகிவிட்டால் அதே பெட்டி 77 கிலோவைத் தின்னும். மூலைகளையும், மூடி திறப்பதையும், மீனின் சூட்டையும் சேர்க்காத கணக்கு இது. அக்கா எண்களை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். கம்பனிக்காரர் மேலிருந்த சந்தேகம் அன்றோடு போனது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாரி காலக் காற்றை 30 பாகை, 80 வீத ஈரப்பதன் என்று எடுத்தால் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். 0 பாகையில் அதே அளவு காற்றால் தாங்கக்கூடியது 5 கிராமுக்கும் குறைவு. மிச்சம் அத்தனையும் நீராகப் படியும். அந்தக் காற்றின் பனிபடுநிலை 26 பாகை; அதற்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் வியர்க்கும். வெளிப்பலகையின் இடுக்குகளால் புகுந்த நீராவி, தூளைக் கடந்து, குளிர்ந்த பொலித்தீனில் முட்டி நீராகியது. அந்தப் பொலித்தீன் உருகிய தண்ணீரைத் தடுத்தது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வந்த ஈரத்துக்கு அதுவே தேங்கும் இடமாகிவிட்டது.

குளிர்நாடுகளின் வீடுகளில் ஆவித்தடுப்பை உள்ளே போடுவார்கள், ஏனென்றால் அங்கே சூடும் ஈரமும் உள்ளே. இங்கே ஐஸ் பெட்டிக்குச் சூடும் ஈரமும் வெளியே. சூடான பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தில்தான் பொலித்தீன் இருக்கவேண்டும். இந்த ஒரு விடயம் தெரிந்திருந்தால் முதல் பெட்டியே பல மாரிக்கு நின்றிருக்கும்.

வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்திருந்தன. மரக்காலைத் தூள் பச்சை மரம் அறுத்தது. பெட்டிக்குள் போகும்போதே ஈரமாக இருந்திருக்கும். தும்புத்தூளோ தன் நிறையைப்போல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கக்கூடியது. நாற்றுமேடைக்கு அதை விரும்பி வாங்குவது அந்தக் குணத்துக்காகத்தான். ஐஸ் பெட்டிச் சுவருக்கு அதே குணம் கெடுதல்.

வாளிச் சோதனை

என் சொல்லை நம்பி அக்கா பெட்டியைப் பிரிக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே அளவான பெயின்ற் வாளிகள் எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே நிறை ஐஸ் போட்ட டின் ஒன்றை வைத்து, சுற்றிவர உமி, மரத்தூள், தும்புத்தூள் நிரப்பினோம். ஒரு வரிசை வெயிலில் காயவைத்த நிரப்பி. அடுத்த வரிசை தண்ணீரில் ஊறவிட்டு வடித்த நிரப்பி. எல்லாம் மாமரத்து நிழலில். பின்னேரம் டின்களில் உருகிய தண்ணீரை அளந்தோம்.

காய்ந்த வரிசையில் மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. நனைந்த வரிசையில் மூன்றும் தோற்றன, ஆனால் ஒரேமாதிரித் தோற்கவில்லை. தும்புத்தூள் வாளியில் ஐஸ் முதலில் முடிந்தது, அடுத்தது மரத்தூள். உமி வாளியில்தான் கடைசியாக ஐஸ் மிச்சம் இருந்தது. உமியைக் கையில் அள்ளி உதறினால் தண்ணீர் கழன்று விழுந்தது. உமியின் வெளித்தோலில் மெழுகுத்தன்மை உண்டு, நிறையில் 15 முதல் 20 வீதம் சிலிக்கா. அதனால் அது இலகுவில் ஊறுவதில்லை, உக்குவதும் மெதுவாகத்தான்.

வாளிகளைக் கழுவிக் கவிழ்க்கும்போது அக்கா சொன்னது எனக்கு இந்த முழு வேலையிலும் முக்கியமாகப் பட்டது: “எது நல்லதெண்டு பாக்கிறதில்ல தம்பி. எது கெதியாக் காயும் எண்டுதான் பாக்கணும்.”

இலவம் பஞ்சைச் சோதனையில் சேர்க்கவில்லை. அதன் இழை உள்ளே குழலாக, மேலே மெழுகு பூசியதாக இருக்கும்; தண்ணீரை ஒட்டவிடாது. ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்கே அதைத்தான் திணித்தார்கள். ஆனால் நான்கு சுவரும் அடியும் நிரப்பும் அளவுக்குப் பஞ்சு வாங்க அக்காவால் முடியாது. மூடியில் இருப்பதை அப்படியே விடுவது என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது பெட்டி: முடிவுகளும் காரணங்களும்

நிரப்பியாக உமி. ஆனால் எந்த மில்லின் உமி என்பதில் கவனம் வேண்டியிருந்தது. பழைய இரும்பு உருளை மில்லில் உமியும் தவிடும் நொய்யும் சேர்ந்து அரைபட்டு வரும். அதைச் சுவருக்குள் போட்டால் வண்டும் எலியும் குடியிருக்கும். றப்பர் உருளை மில்லில்தான் உமி முழுசாகக் கழன்று வரும். சம்மாந்துறைப் பக்கம் மில்கள் நிறைய, உமியும் நிறைய. ஆனால் நெல் அவிக்கும் மில்கள் தங்கள் அடுப்புக்கே எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் படுவான்கரையிலேயே ஒரு சின்ன மில்லில் சும்மா கிடைத்தது. தை மாதம் மழை விட்டதும் படங்கில் பரப்பி, புடைத்து, கையில் சரசரக்கும்வரை காயவைத்தார்கள்.

சுவர்த் தடிப்பை 15 சென்ரிமீற்றர் ஆக்கச் சொன்னது ஓடாவியார். உமிக்குக் காசில்லை, பலகை கொஞ்சம்தான் கூடும் என்றார்; சரியான யோசனை. தூள் அமிழ்ந்து மேலே வெற்றிடம் விழாமலிருக்க, சுவருக்குள் குறுக்குச் சட்டங்கள் அடித்துச் சின்ன அறைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அறையையும் தட்டித் தட்டி இறுக நிரப்பினோம்.

பொலித்தீன் வெளிப்பலகையின் உட்புறத்தில், மூலைகளில் மடித்து ஒட்டி, ஒரே உறையாகப் போனது. உள்ளே பலகைக்குப் பதிலாக, இணைப்புகளை ஈயத்தால் பற்றவைத்த தகரம். அடியில் ஒரு வடிகுழாய். அதை வளைத்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி வைத்தோம். இல்லாவிட்டால் குளிர்காற்று அந்தத் துளையால் இறங்கிப்போய், வெளிக்காற்று மேலால் நுழையும். ஒவ்வொரு சுவரின் அடியிலும் தக்கை அடைத்த ஒரு பார்வைத் துளையும் விட்டோம். இரு பக்கமும் மூடிய சுவருக்குள் ஈரம் போனால் வெளியே வர வழியில்லை. குறைந்தபட்சம் போயிருப்பது தெரியவாவது வேண்டும். பெட்டி தரையில் உட்காராமல் தென்னங்குற்றிக் கால்களில் ஏறியது.

ஈரச்சாக்கு விடயத்தில்தான் அக்காவோடு நீண்ட பேச்சு நடந்தது. அவர் வழமையாகப் பெட்டிமேல் சாக்கை நனைத்துப் போடுவார். அதன் அடிப்படை உண்மைதான்: ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோ யூல் வெப்பம் எடுக்கும், அது 7 கிலோ ஐஸை உருக்கும் வெப்பத்துக்குச் சமம். ஆனால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் போகும். பலகைக்கு மிஞ்சுவது ஈரம். ஆகவே சாக்கைப் பெட்டியில் போடாமல், மேற்குப் பக்கம் ஒரு முழம் தள்ளித் தட்டிபோலத் தொங்கவிடுவது என்று ஒத்துக்கொண்டோம். கச்சானுக்கு மட்டும். மாரியில் காற்றே ஈரமாக இருக்கையில் சாக்கிலிருந்து ஒன்றும் பறக்காது.

மீன்களுக்கிடையே ஓடும் தண்ணீரை மட்டும் யாரும் தடுக்கவில்லை. உருகிய குளிர்நீர் மீனைச் சுற்றி ஓடினால் காற்றைவிட வேகமாகக் குளிர்விக்கும், சளியையும் கழுவும். அது தேங்காமல் வடிந்தால் போதும். 50 கிலோ மீனை 30 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்க மட்டும் 16 கிலோ ஐஸ் வேண்டும். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ என்று அக்கா மனதில் பிடித்துக்கொண்டார். சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இந்தச் செலவு குறையாது. அதனால் மீனை வெயிலில் கிடத்தாமல் துறையிலிருந்தே நிழலில், பன்பாய் மூடிக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

பிறகு நடந்தது

2023 மாசியில் பெட்டி வேலைக்கு வந்தது. வெளிப்பலகை விடியற்காலையிலும் வியர்க்கவில்லை. அடுத்த லோடு வரும்போது பழைய ஐஸ் அடியில் மிச்சம் இருந்தது. அதன்மேல் புதிதைப் போட்டார்கள். கச்சான் காலம் முழுவதும் எழுவான்கரை வியாபாரி மீனைத் திருப்பவில்லை.

மாரியில் பார்வைத் துளை தன் வேலையைச் செய்தது. ஒரு சுவரின் தக்கையை எடுத்ததும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. பலகையைக் கழற்றியபோது மூலையில் எலி கடித்த பொலித்தீன். பழுதான அறையின் உமியை மட்டும் கொட்டி, காய்ந்ததை நிரப்பி, கடித்த இடத்தை ஒட்டினார்கள். அறைகளாகப் பிரித்ததன் பலன் அன்று தெரிந்தது. பக்கத்து அறைகளின் உமி சரசரவென்றே இருந்தது. தகரத்தில் உப்புப் பட்டு, இணைப்புகளில் துரு தொடங்கியிருந்ததையும் அப்போதுதான் கண்டோம்.

பெற்றோல் வழமைக்கு வந்து, ரெஜிபோம் பெட்டி வாங்கக்கூடிய நிலை வந்தபின் அக்கா ஆட்டோவில் அனுப்புவதற்கு ஒன்று வாங்கினார். தூக்கிச் செல்ல அதுதான் வசதி, உமிப் பெட்டியை நாலு பேரில்லாமல் அசைக்கமுடியாது. வீட்டில் ஐஸைக் காப்பது இப்போதும் உமிப் பெட்டிதான்.

இன்னொரு பெட்டி செய்வதென்றால் மாற்றவேண்டியவை

உமியை நேரே சுவருக்குள் கொட்டாமல், தலையணை அளவுப் பைகளில் தைத்து அடுக்குவேன். கச்சான் காலத்தில் ஒவ்வொன்றாக இழுத்து வெயிலில் போட்டுத் திரும்ப வைக்கலாம். காய்ந்தபோது ஒரு பையை நிறுத்து அந்த நிறையைப் பலகையில் எழுதி வைத்தால், பிறகு எவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது என்பதைத் தராசே சொல்லும். உள்தகரத்துக்குப் பதிலாக அலுமினியம் போடவேண்டும். காசு கூடினாலும் உப்பு மீனோடு தகரம் நிற்காது. எலிக்காக அடிமூலைகளில் கம்பிவலை. மூடியின் விளிம்புக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டவேண்டும். அக்காவின் பெட்டியில் மூடி இடுக்கால் வரும் கசிவுதான் இன்னும் சரிவராமல் இருக்கிறது. அடுப்படிக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியை வைக்கக்கூடாது. உமி சுவாலை விட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், தெரியவரும்போது சுவர் போயிருக்கும்.

பக்கத்துத் துறையில் ஒருவர் இந்தத் திருத்தங்களோடு ஒரு பெட்டி செய்வித்திருக்கிறார். பைகளில் கட்டிய உமி, அலுமினிய உள்சுவர், வெளிப்பக்கத்தில் பொலித்தீன். முதல் மாரி முடிந்து பைகளை நிறுத்தபோது அடிவரிசைப் பைகள் மட்டும் நிறை கூடியிருந்தன. அவற்றை வெளியே எடுத்துக் காயவைத்துவிட்டு, கால்களை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.